லைன் ஓடுது அண்ணாச்சி

அவள் வாசிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திய பாட்டு ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. தப்பு வந்திருக்கிறது, கரண்ட் போயிருக்கிறது, ஒரு தடவை ஜன்னல் வழியாகக் குரங்கு வந்திருக்கிறது. குரங்கு வந்த அன்று நான் மேஜைமேல் ஏறிவிட்டேன். கிட்டார் வகுப்பில் இருந்த சின்னப் பிள்ளைகள் குரங்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். மாஸ்டர் துடைப்பம் தேடினார். அவள் மட்டும் கடைசி வரிவரை வாசித்து முடித்து, கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து ஓசையை அடக்கிவிட்டு, "ஏன் அண்ணாச்சி மேல ஏறி நிக்கீய?" என்று கேட்டாள். குரங்கு அதற்குள் என் முட்டை பப்ஸை எடுத்துக்கொண்டு எதிர் மாடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

நான் நேர் எதிர். நிறுத்துவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். ஓசூரில் இரு சக்கர வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு எனக்கு. பாகங்களைக் கோர்க்கிற லைன் நெடுகத் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடும். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்தால் மணி அடிக்கும், லைன் மொத்தமும் நிற்கும், நான் ஓடி வர வேண்டும். ஆபரேட்டர்கள் இழுத்ததைவிட நான் இழுத்தது அதிகம். எனக்குச் சந்தேகம் பசி மாதிரி, வேளை தவறாமல் வரும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஒரு நாள் இழுத்த இழுப்பில் தாழ்ப்பாளே கையோடு வந்துவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் பெயின்ட் மார்க்கர் இருக்கும். எங்கள் கம்பெனி வழக்கம் அது: சரக்கு வெளியே போவதற்கு முன்னால், ஏற்கெனவே இறுக்கிய போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்து, அதன் தலையில் ஒரு மஞ்சள் கோடு போட வேண்டும். பார்த்தாயிற்று, இனி யாரும் தொட வேண்டாம் என்று அர்த்தம். என் வீட்டில் மஞ்சள் கறை இல்லாத சட்டை கிடையாது. கேஸ் சிலிண்டர் திருகிலும் ஒரு கோடு இருக்கிறது.

இப்படிப்பட்டவனுக்கு பி.பி. வராமல் யாருக்கு வரும்? மனசை லேசாக்கும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மகன் காலேஜுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கிட்டார் பீரோமேல் தூசியோடு கிடந்தது. பாகலூர் ரோட்டில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. முதல் நாள் உள்ளே போனால், பத்து வயசு பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில், எங்கள் கம்பெனி யூனிபார்மோடு, காலில் சேஃப்டி ஷூவோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் லைன் அப்ரண்டிஸ்தான். பகல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக அங்கே இறங்கியிருக்கிறாள். குட்டி நாற்காலிகளில் எங்கள் இருவருக்கும் இடம் போதவில்லை. மாஸ்டர் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு இருவரையும் அதில் உட்கார வைத்தார். எங்கள் சிநேகிதம் அந்த பெஞ்சில் ஆரம்பித்தது.

அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். மாதா கோயில் பாடற்குழுவில் அண்ணன்மார்கள் வாசிப்பதைப் பார்த்தே, பல கம்பிகளை ஒன்றாக அழுத்தி மீட்டும் கார்டுகளில் நாலைந்தைப் பிடிக்கக் கற்றிருந்தாள். ஓசூருக்கு வேலைக்கு வந்ததே, பக்கத்தில் பெங்களூர் இருக்கிறது, அங்கே கிட்டாருக்கென்று பள்ளிக்கூடமே இருக்கிறது என்று யாரோ சொன்னதால்தான். கம்பெனிக்குள் என்னை "சார்" என்பாள். கேட்டைத் தாண்டினால் "அண்ணாச்சி". ஒரு நாள் வாய் தவறி லைனிலேயே அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாசம் நான் எந்த மெஷின் பக்கம் போனாலும் எவனாவது, "அண்ணாச்சி, துவரம் பருப்பு அரைக் கிலோ" என்பான்.

வகுப்பில் என் வாசிப்பு இப்படி இருக்கும்: இரண்டு கார்டு, ஒரு தப்பு, "சாரி, முதல்ல இருந்து வர்றேன்." மறுபடி இரண்டு கார்டு, "சாரி". என் பாட்டுகளுக்கு முதல் வரி மட்டும்தான் உண்டு. மாஸ்டர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், பொறுமைசாலி. "சார், ஸ்வல்ப நிதானம். பஸ்ஸா போயிடுது?" என்பார். அவளுக்குத்தான் தாங்கவில்லை.

"தப்பு பின்னாடி போயிட்டு அண்ணாச்சி. அதை எடுக்க ரிவர்ஸ்ல வருவீயளோ? சூளகிரி ரோட்டுல ஒரு திருப்பத்தை விட்டுட்டா அப்பிடியே பின்னாடி வருவீயளா? லாரிக்காரன் சும்மா விடுவானா?"

"தப்பு தப்புதானேம்மா. விட்டுட்டுப் போனா அது ரிஜெக்‌ஷன்."

"போய்க்கிட்டே இருந்தா அதுவும் பாட்டுதான். நின்னாத்தான் தப்பு."

அப்படிச் சொன்னதோடு விடவில்லை. யார் "சாரி" சொன்னாலும் கீழே பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் முட்டை பப்ஸ் என்று ஒரு சட்டம் போட்டாள். பிள்ளைகள் கையைத் தட்டி அதை நிறைவேற்றினார்கள். நான் வகுப்புக்குள் வந்தாலே அந்தப் பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். கஷ்டமான கார்டுகளை எனக்கே கொடுக்கச் சொல்லி மாஸ்டரிடம் சிபாரிசு வேறு செய்வார்கள்.

அவள் படிப்பு முழுக்க இப்படி ஓட்டத்திலேயே நடந்தது. ஹாஸ்டலில் சத்தம் வரக்கூடாது என்பதால் கம்பிகளுக்கு அடியில் ஒரு பழைய காலுறையைச் செருகி வைத்து வாசிப்பாள். பஸ்ஸில் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் கார்டு பிடிப்பாள். கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் விரல் ஓடும், சாம்பார் ஆறிப்போகும். தாளத்துக்குச் சேஃப்டி ஷூவால் தரையில் தட்டினால் கீழே ஸ்பேர்ஸ் கடையில் அடுக்கியிருக்கும் டப்பாக்கள் ஆடும். கடைக்காரர் மாடிப்படியில் பாதி ஏறி வந்து தெலுங்கில் சத்தம் போடுவார். அவள் கையை நிறுத்தாமலேயே அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரிப்பாள். மனுஷன் பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, சொல்ல வந்ததை மறந்து இறங்கிப் போவார்.

இவ்வளவு சொன்னதால் வேலையிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. லைனில் துளி சந்தேகம் என்றாலும் கயிற்றை இழுத்துவிடுவாள். ஒரு நாள் கேட்டேன், "இங்க மட்டும் நிறுத்துறியே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது பிரேக்கு அண்ணாச்சி. ஒரு ஆளு அதை நம்பி வண்டியில போறான். என் பாட்டை நம்பி யாரு போறா?"

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத்தான் அவளுடைய பாட்டை முதலில் கேட்டேன். மெஷின்களுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று, பொரி. ஸ்பேனர்கள், போல்ட் இறுக்கும் டார்க் ரெஞ்ச்சுகள், என்னுடைய வெர்னியர் அளவுகோல் எல்லாம் வரிசையாகச் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன. நடுவில் அவளுடைய கிட்டாரும் ஒரு பொட்டோடு படுத்திருந்தது. மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர், "பாப்பா, இதுக்கும் ஒரு கை கிரீஸ் அடிச்சிரட்டுமா?" என்றார். பூஜை முடிந்ததும் எல்லோரும் வாசிக்கச் சொன்னார்கள். சினிமாப் பாட்டு வரும் என்று நாங்கள் பொரியோடு உட்கார்ந்தோம்.

வந்தது எங்கள் லைன். முதலில் ஷிப்ட் சங்கு, தடித்த கம்பியில் ஒரே ஒரு இழுப்பு. அப்புறம் பிரஸ் இறங்கும் சத்தம், காற்று விடும் சத்தம், நட்டு முறுக்கும் துப்பாக்கியின் டர்ர்ர்ர். அதன்மேல் ஒரு மெட்டு, கடல் காற்று மாதிரி, எங்கிருந்தோ வந்து மெஷின்களுக்கு நடுவில் புகுந்து போனது. பொரி தின்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. பிரஸ் ஆபரேட்டர் ஒருவரின் கை, பட்டனை அழுத்துகிற மாதிரி தானாகவே அசைந்தது. பஸர் வர வேண்டிய இடத்தில் யாரோ ஒருவன் சரியாக விசில் அடித்தான். தினமும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நாங்கள் தப்பிக்கப் பார்க்கிற சத்தம் அது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பி.பி. என்று நினைத்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

அடுத்த மாசக் கடைசியில் அவளுடைய அப்ரண்டிஸ் காலம் முடிய இருந்தது. நிரந்தரம் என்ற பேச்சே இல்லை. முடிந்த மறுநாளே ஊருக்கு வந்துவிட வேண்டும், மாமாவின் ஜவுளிக்கடையில் ஆள் தேவை என்று அவள் அப்பா போனில் சொல்லிவிட்டார். பெங்களூர்ப் பள்ளியில் உதவித்தொகையோடு ஒரே ஒரு இடம் இருந்தது. அதற்கு, சொந்தமாகச் செய்த பாட்டு ஒன்றைத் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு தேர்வாளர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். கிடைத்தால் கிட்டார், இல்லாவிட்டால் ஜவுளி. துணைக்கு வாசிக்க மாஸ்டர் இருந்தார். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் மாஸ்டருக்கு டெங்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தார். "சார், நீங்க போயிடுங்க. பக்கத்துல உக்காந்து தினமும் கேட்டிருக்கீங்க. நாலே நாலு கார்டு. தப்பானா பரவாகில்ல, நிக்காதீங்க, அவ்ளோதான்."

அந்த இரண்டு நாளும் என் வீட்டுப் பூட்டை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பூட்டையும் இழுத்துப் பார்த்தேன். மனைவி சொன்னாள், "பி.பி. குறையத்தான டாக்டர் இதைச் சொன்னாரு. நீங்க கிட்டாரையே ஆஸ்பத்திரியில சேத்துருவீங்க போல." கம்பெனியில் சப்ளையர் ஒருவரை ஆடிட் செய்ய பெங்களூர் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். முழுப் பொய்யும் இல்லை. நாங்கள் கொண்டுபோனதும் சரக்குதானே.

பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்வரை நான் நாலு கார்டையும் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் ஓரம் நிம்மதியாகத் தூங்கினாள்.

பள்ளியில் ஒரு கூடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். அவள் இரண்டு கிட்டாரையும் சுருதி சேர்த்து என் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். அங்கேதான் எல்லாம் நடந்தது. உள்ளேயிருந்து வேறு யாரோ வாசிக்கிற சத்தம் வந்தது. மழை மாதிரி பொழிகிறான் பாவி. பயந்தவன் கைக்கு ஒரு வேலை வேண்டும். என் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கிட்டாரின் தலையில் கம்பி முறுக்கும் சாவிகள் இருக்கின்றன அல்லவா, அவை லேசாக இருக்கிற மாதிரி ஒரு சந்தேகம். சரக்கு வெளியே போகப்போகிறது. ஒவ்வொரு சாவியையும் கால் சுற்று, சிலதை அரைச் சுற்று, கெட்டியாக இறுக்கினேன். அவளுடையதில் ஆறு, என்னுடையதில் ஆறு. இறுக்கியதும் கை பைக்குள் போய் மார்க்கரை எடுத்தது. பன்னிரண்டு மஞ்சள் கோடு. அப்போதுதான் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த வாரத்திலேயே எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதற்கும் உள்ளே கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மா. எங்கள் அப்ரண்டிஸ் தன் கிட்டாரோடு உட்கார்ந்து, தடித்த கம்பியை இழுத்துச் சங்கை ஊதினாள். சங்கு இல்லை அது. யாரோ மாட்டின் வாலை மிதித்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். அவளுடைய புருவம் மட்டும் மேலே போனது. கண் கிட்டாரின் தலைக்குப் போனது. ஈரம் காயாத ஆறு மஞ்சள் கோடுகள். அங்கிருந்து என்னிடம் வந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "சாரி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த உதவி.

வேறு யாராக இருந்தாலும், ஒரு நிமிஷம் மேடம் என்று சொல்லிச் சரிசெய்திருப்பார்கள். கேட்டால் தேர்வாளர்களும் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்திருப்பார்கள். அவளுக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே. அதே கம்பியை மறுபடி இழுத்தாள். அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே இடது கையால் சாவியைத் திருப்பினாள். தப்பான சத்தம் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி, இறங்கி, சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. கரண்ட் போனதும் மோட்டார் இறங்குமே, அச்சு அசல் அந்தச் சத்தம். அடுத்த கம்பி. அதுவும் இறங்கியது. ஆறு கம்பிகளும் ஒவ்வொன்றாக, ஒரு பெரிய தொழிற்சாலை மெதுவாக உறங்கப்போகிற மாதிரி இறங்கின. கடைசிக் கம்பி இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் அமைதி. அதற்குப் பிறகு சங்கு ஊதியது. இந்தத் தடவை நிஜச் சங்கு. லைன் ஓட ஆரம்பித்தது.

மேஜைக்குப் பின்னால் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார்.

இப்போது என் முறை. என் கிட்டாரும் அதே நிலைமையில்தான் இருக்கிறது, எனக்கோ அவள் மாதிரி இறக்கத் தெரியாது. தெரிந்த ஒரே வழியாக, கண்ணை மூடிக்கொண்டு முதல் கார்டை ஓங்கி அடித்தேன். டிங். மெல்லிய கம்பி அறுந்து சுருண்டு என் கன்னத்தில் ஒரு கீறு போட்டது. என் வலது கை தானாகத் தலைக்கு மேலே போய்விட்டது. கயிற்றைத் தேடுகிறது. பெங்களூரில், மூன்று தேர்வாளர்கள் முன்னால், கன்னத்தில் ரத்தத்தோடு, இல்லாத கயிற்றைப் பிடிக்கக் கையைத் தூக்கியபடி நான்.

அவள் வாசித்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்: "அண்ணாச்சி, லைன் ஓடுது."

தூக்கிய கையை எங்கேயாவது இறக்க வேண்டும். கிட்டாரின் வயிற்றில் இறக்கினேன். டொம். பிரஸ் இறங்குகிற இடம் அது. உள்ளங்கையை மரத்தின்மேல் தேய்த்தேன், ஸ்ஸ்ஸ். காற்று விடுகிற இடம். டொம், ஸ்ஸ்ஸ். இதை நான் எத்தனை வருஷமாகக் கேட்கிறேன். தூக்கத்தில்கூட என் குறட்டை இந்தத் தாளத்தில்தான் வருகிறது என்று மனைவி சொல்வாள். நான் சந்தேகமே படாத ஒரே விஷயம் இந்த உலகத்தில் அதுதான் போல. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, மெட்டை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள். நான் விடவில்லை. பஸர் வருகிற இடத்தில் விசில் அடிக்க ஆள் இல்லையே என்று பார்த்தேன். நானே அடித்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பாட்டின் கடைசி வரியை நான் போய்ப் பார்த்தேன்.

நரைமுடி அம்மா ஆங்கிலமும் கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். "அந்த ஆரம்பம், சுருதி இறங்கி வருதே, யாரோட ஐடியா?"

"எங்க கம்பெனி குவாலிட்டி டிபார்ட்மென்ட் மேடம்," என்றாள் அவள்.

"இந்த மஞ்சள் கோடு?"

"செக் பண்ணி ஓகே ஆனதுன்னு அர்த்தம் மேடம்."

திரும்பி வரும் பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் முழுக்கச் சிரித்தாள். நான் பல தடவை சாரி சொன்னேன். அந்த வாரம் வகுப்பில் அத்தனை சாரிக்கும் பப்ஸ் தின்ற பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

முடிவு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். செல்போன்களை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும். ஒரு நாள் டீ இடைவேளை முடிந்து லைன் ஓட ஆரம்பித்தவுடனே மணி அடித்தது. அவள் இடத்திலிருந்து. அவள் இழுத்தால் விஷயம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஆய்வுக்கூடத்திலிருந்து விழுந்தடித்து ஓடினேன். எத்தனை வண்டி வெளியே போயிருக்கும், எத்தனை பிரேக், எத்தனை உயிர் என்று கணக்குப் போட்டபடி ஓடினேன். லைன் முழுக்க நின்று அவளைப் பார்க்கிறது.

"என்னம்மா டிபெக்ட்?"

"டிபெக்ட் இல்ல அண்ணாச்சி. டீக்குப் போனப்ப மெயில் பாத்தேன். சீட்டு கிடச்சிட்டு. அந்தக் கடைசில இருக்கிற உங்களைக் கூப்பிட வேற வழி தெரியல."

கண்ணெல்லாம் தண்ணீர் அவளுக்கு. லைன் நின்றதற்குக் காரணம் எழுத வேண்டியவன் நான்தான். "சத்தம் பரிசோதிக்கப்பட்டது, திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் இன்றுவரை அதற்கு அர்த்தம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளை நேரில் பார்த்தது குறைவு. போன வாரம் கேன்டீனில் ஒருவன் செல்போனை நீட்டினான். பெங்களூரில் ஏதோ ஒரு மேடை. நாலைந்து பேர் கொண்ட குழு, நடுவில் அவள், காலில் அதே மாதிரி சேஃப்டி ஷூ. ஆறு கம்பிகளும் வழுக்கி இறங்குகிற அந்த ஆரம்பம். கூட்டம் கத்துகிறது. கேமரா கிட்டாரின் தலைக்குப் போனது. கிட்டார் புதுசு. சாவிகளில் ஆறு மஞ்சள் கோடுகள், பளிச்சென்று, நேற்றுப் போட்ட மாதிரி.

என் டீ கவிழ்ந்து தட்டெல்லாம் ஓடியது. சரியாகத்தான் பார்த்தேனா? உடனே சந்தேகம். வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்கக் கட்டைவிரல் திரைக்கு அருகில் போய்விட்டது.

விரலை எடுத்துக்கொண்டேன். ஓடட்டும்.